நாள் பார்த்த நாடு – 9: கண்ணும் கணக்கும்

1966 ஜனவரியில் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலை நாளாகிவிட்டது. டட்லி சேனநாயக்க அரசு முந்திய ஆண்டு நிறைவேற்றிய விடுமுறைச் சட்டப்படி அமாவாசை, பூரணை, இவற்றுக்கு நடுவில் வரும் இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களே இனி வார விடுமுறை. சந்திரன் ஒரு காற்பங்கைக் கடக்கச் சராசரியாக ஏழு நாளும் ஒன்பது மணி நேரமும் ஆகும். அரசாங்கத்தின் வாரமோ முழு நாட்களில் முடியவேண்டும். ஆகவே சில வாரங்கள் ஏழு நாளில் முடிந்தன, சில எட்டு நாள் வரை இழுபட்டன. கந்தோர் என்று பூட்டும், வங்கி என்று திறக்கும் என்று அறியக் கிழமையைப் பார்த்துப் பயனில்லை, திதியைப் பார்க்கவேண்டும். 1971-இல் ஞாயிறு மறுபடி விடுமுறையானது. பூரணை மட்டும் பொது விடுமுறையாக இன்றுவரை நிற்கிறது.

அந்த ஆண்டுகளில் ஒரு நாடே பஞ்சாங்கத்தின் சொற்படி நடந்தது. பௌத்தருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் போயாவைக் கணக்கிடும் வழி சைவருக்கும் சமணருக்கும் பொதுவான அதே பழைய வழி: சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி, முப்பது திதி கடந்தால் ஒரு மாதம்.

அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் கடலை ஒட்டிக் கிடக்கும் பாலமுனை, முஸ்லிம்கள் வாழும் ஊர். கோயில் மணியோ பஞ்சாங்க வாசிப்போ அதன் அன்றாடத்தில் இல்லை. ஆனாலும் இந்தத் தொடருக்கு அந்த ஊரில் நின்று பார்ப்பது வசதி. வடக்கே நிந்தவூரைத் தாண்டினால் காரைதீவு. அங்கே வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகி அம்மனுக்குச் சடங்கும் குளிர்த்தியும். அதற்கும் அப்பால் பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குப் புரட்டாதியில் தீமிதி. தெற்கே அக்கரைப்பற்றோடு ஒட்டிய ஆலையடிவேம்பு, பிறகு தம்பிலுவில், திருக்கோவில். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆடி அமாவாசையன்று கடலில் தீர்த்தமாடுகிறார். இதே கரையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறுவது ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை பிறந்ததும். கோயிலுக்கும் பள்ளிக்கும் நாள் சொல்வது ஒரே சந்திரன். அதைப் படிக்கும் முறைதான் வேறு. கோயில் கணக்கைக் கேட்கிறது. பள்ளி கண்ணைக் கேட்கிறது.

அப்படித்தான் பொதுவாகச் சொல்வார்கள். வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்தப் பிரிவினை அவ்வளவு துப்புரவாக நிற்பதில்லை.

முதலில் கணக்கு. பஞ்சாங்கத்துக்கு ஐந்து உறுப்பு: வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். கிழமை ஏழு, திதி முப்பது, நட்சத்திரம் இருபத்தேழு, யோகமும் இருபத்தேழு, கரணம் பதினொன்று. கோயிலில் காலைப் பூசைக்கு முன் குருக்கள் சங்கற்பம் சொல்லும்போது இவற்றையெல்லாம் வரிசையாக உச்சரிப்பார். அன்றைய நாள் இன்னது என்று இறைவனிடம் பதிந்துவிட்டுத்தான் பூசை தொடங்கும். சித்திரைப் புதுவருடத்தன்று மருத்துநீர் வைக்க வேண்டிய புண்ணியகாலம், கைவிசேடத்துக்கு நேரம், உடுக்கவேண்டிய நிறம் எல்லாம் இதில் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்ற கட்டும் இதன் வழியே வருவதுதான். முஸ்லிம் ஊர்களிலும் இதற்கு ஒரு சோடி இருந்தது. சபர் மாதத்தைப் பீடை மாதம் என்று கல்யாணத்துக்கு ஒதுக்கினார்கள். அதன் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று சொல்லிப் பீடை கழியக் குளித்தார்கள். மார்க்க அறிஞர்கள் இதை ஆதாரமற்றது என்று கண்டித்துக் கண்டித்தே இப்போது தேய்ந்திருக்கிறது.

இந்தத் தீவில் நாள் பார்க்கும் பழக்கத்துக்கு எழுத்துச் சான்று பழையது. இன்று கிடைப்பனவற்றில் இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நூல் என்று சொல்லப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூல். 1310-இல் தம்பதேனியாவில், பராக்கிரமபாகு என்ற சிங்கள மன்னனின் அவையில், போசராச பண்டிதர் அதை அரங்கேற்றினார். மணம், வேளாண்மை, மனை கட்டுதல், பயணம் என ஒவ்வொன்றுக்கும் நல்ல நாள் சொல்லும் நூல். சிங்கள மன்னனுக்குத் தமிழில் நாள் பார்த்துச் சொன்னார்கள் என்பதை இன்றைய அரசியல் சூட்டில் நம்பச் சிரமமாக இருக்கலாம். நடந்தது அதுதான்.

ஆண்டுதோறும் கணித்து வெளியிடும் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் 1667-இல் அராலி இராமலிங்கர் கையால் தொடங்கியது என்பது அங்குள்ள மரபு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. பறங்கியர் இடித்த கோயில்கள் இடிந்தபடியே கிடந்தன, பகிரங்க வழிபாட்டுக்கு இடமில்லை. அந்த நிலையில் விரதமும் திவசமும் வீட்டுக்குள் தொடர ஓலையில் எழுதிய நாட்கணக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். பிற்காலத்தில் அச்சு வந்தது. கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலையில் அச்சாகிய இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் கிழக்குக் கரைக் கோயில்களுக்கும் வந்து சேர்ந்தது. திருக்கணித பஞ்சாங்கம் மட்டுவிலில் இருந்து வந்தது. எது வந்தாலும் இங்கே ஒரு திருத்தம் வேண்டும். யாழ்ப்பாணத்தை விட இந்தக் கரை ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே இருப்பதால் உச்சிப்பொழுது ஏழெட்டு நிமிடம் முந்துகிறது. உதயத்தை வைத்து எண்ணும் இராகுகாலமும் சுபவேளையும் அதற்கேற்ப நகரவேண்டும். கொழும்புத் தொழுகை அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே தொங்கவிட முடியாததற்கும் காரணம் இதே பாகைக் கணக்குத்தான்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டுக்கும் இடையில் என்ன சண்டை?

வாக்கியம் பழைய முறை. சந்திரன் பூமியை நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கும் சுற்று ஒன்பது முறை நடக்க 248 நாள் ஆகிறது. அந்த 248 நாட்களில் ஒவ்வொரு நாளும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒவ்வொரு சிறு வாக்கியமாக்கி, எழுத்துக்கு எண் வைத்து மனப்பாடம் செய்தார்கள். வாக்கியங்களை வரருசி யாத்ததாகச் சொல்வார்கள். வானத்தை அண்ணாந்து பார்க்கவே தேவையில்லை. வாக்கியம் நினைவில் இருந்தால் போதும். சென்னை வானாய்வகத்தை ஒருகாலத்தில் நடத்திய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்க்குள் வாக்கியங்களை முணுமுணுத்தபடி, 1825 மே 31 – ஜூன் 1 இரவில் வரும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடம் பிழை, நடு இருபத்துமூன்று நிமிடம், முடிவு ஐம்பத்திரண்டு நிமிடம். கணக்கின் தத்துவம் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வாரன் அதே ஆண்டு வெளியிட்ட காலசங்கலிதத்தில் எழுதுகிறார். தத்துவம் தெரியாமல் சோழியை நகர்த்தி ஒருவர் கிரகணத் தொடக்கத்தை நான்கு நிமிடத்துக்குள் பிடித்தது வாரனின் குறையை விடப் பெரிய செய்தி. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. 1765 ஓகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் அந்நாளில் சிறந்ததாக மதித்த மாயர் அட்டவணையோ 68 விநாடி கூடுதல். இதைப் பதிவு செய்தவர் வெள்ளி இடைமறிப்பைப் பார்க்க வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டி.

யாழ்ப்பாணத்தில் இது சமயப் போராக மாறியது. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அதன் அதிபர் டானியல் பூர் ஒரு திட்டம் வைத்திருந்தார்: பஞ்சாங்கத்தை உடைத்தால் அதைத் தாங்கி நிற்கும் சமயமும் ஆட்டம் காணும். 1829-இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் குறித்த நேரத்திலும் மறைப்பின் அளவிலும் பிழை உண்டென்று பூர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணத்தன்று ஊரவர் பார்த்திருக்க, பூர் சொன்னபடியே நடந்தது. பின்னர் செமினரியில் இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் தமிழ்ச் சோதிட நூலொன்றை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848-இல் அச்சிட்டார். எதிராளியின் கணக்கை அவ்வளவு சிரத்தையாக வேறு எந்த மிஷனரியும் படித்திருப்பாரா என்பது ஐயம்.

ஆனால் பூர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கிரகணத்தில் சில நிமிடம் பிந்தியதற்காக யாரும் விரதத்தைக் கைவிடவில்லை. அவர் கைவைத்ததும் பழைய கணக்கு மிகப் பலமாக இருக்கும் இடத்தில். வாக்கியக் கணக்கு சந்திரனின் ஓட்டத்தில் சில சிறு ஏற்றத்தாழ்வுகளைச் சேர்க்காமல் விடுகிறது. அந்தக் குறை பூரணையிலும் அமாவாசையிலும் ஏறக்குறைய மறைந்துவிடும்; அட்டமியை ஒட்டித்தான் பெருகும். கிரகணம் வருவதோ பூரணையிலும் அமாவாசையிலும் மட்டும். ஆகவே கிரகணத்தை வைத்து வாக்கியத்தைச் சோதிப்பவர் அதன் நல்ல முகத்தையே பார்க்கிறார். இன்றும் இரு பஞ்சாங்கங்களிலும் பூரணை நேரம் நெருங்கி வரும். சஷ்டி, ஏகாதசி போன்ற இடைத் திதிகளில் ஐந்தாறு மணி நேரம் வரை வித்தியாசம் விழலாம். ஒரு திதி உதயத்தில் நிற்கிறதா இல்லையா என்பதை அந்த ஐந்து மணி நேரம் மாற்றிவிடும். விரதம் ஒரு நாள் தள்ளிப் போய்விடும்.

திருக்கணிதக்காரர் சொன்னது எளிது: கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவேண்டும், கண்ணால் பார்த்துத் திருத்து. கேரளத்தில் பரமேசுவரர் 1431-லேயே திருக்கணிதம் என்று நூல் எழுதி இதைச் சொல்லியிருந்தார். சென்னையில் இதை எடுத்து நடத்தியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்து, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் கண் வைத்துப் பழகிய மனிதர் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பொறுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை. அவர் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். புரோகிதர் பலர் சீறினார்கள். முன்னோர் தந்த வாக்கியத்தைக் கைவிட்டால் முன்னோர் செய்த சடங்கும் கெடும் என்பது எதிர்வாதம். சுதந்திர இந்தியா மேக்நாத் சாகா தலைமையில் 1952-இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ரகுநாதாச்சாரியின் பக்கமே நின்றது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டியானது. அரசிதழில் அது இருக்கிறது. வீட்டுச் சுவரில் இன்னும் வாக்கியக் கணக்கில் வரும் பாம்புப் பஞ்சாங்கம்தான்.

சமணர் கதை வேறு மாதிரி. இந்தக் கரையில் சமணர் இல்லை, அநுராதபுரத்தில் நிகண்டருக்கு மன்னன் பண்டுகாபயன் இடம் கட்டிக் கொடுத்ததாக மகாவம்சம் சொல்வதோடு இலங்கைச் சமணம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலோ ஆழமான தடம். சர்வநந்தி என்ற சமண முனிவர் பிராகிருதத்தில் எழுதிய லோகவிபாகம் சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458 என்று தன் காலத்தைத் தானே குறிக்கிறது; எழுதிய இடம் பல்லவன் சிம்மவர்மன் நாட்டுப் பாடலிகா, இன்றைய திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம். சமணரின் பழைய வானியல் நம் தலைக்கு மேலே இரண்டு சூரியன், இரண்டு சந்திரன் மாறி மாறி வருவதாகக் கொண்டது. ஆனால் உபவாசத்துக்கு நாள் குறிக்க வந்தபோது மேற்கிந்தியச் சுவேதாம்பரர் பலர் எடுத்தது ஜோத்பூர் சண்டு பஞ்சாங்கத்தை. அதைக் கணித்தவர்கள் இந்துச் சோதிடர்.

அங்கே சண்டை திதி விழுவதைப் பற்றி. திதி சில சமயம் ஓர் உதயத்தைக் கூடத் தொடாமல் ஓடிவிடும். சில சமயம் இரண்டு உதயத்தைத் தொடும். பச்சைக் காய் உண்ணாத பருவத் திதியான அட்டமியோ சதுர்த்தசியோ அப்படி மறைந்துபோனால் நோன்பை எந்த நாளில் வைப்பது? ஆண்டு முழுவதும் செய்த பிழைக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் சம்வத்சரி, பாத்ரபத வளர்பிறைச் சதுர்த்தி. அதை ஒட்டிய பஞ்சமி இரட்டித்தால் என்ன செய்வது? சுவேதாம்பரரில் ஒரு பிரிவான தபாகச்சத்தின் துறவியர் இதில் 1930-களில் இரண்டாகப் பிரிந்தார்கள். அகமதாபாத் ஆலை முதலாளி கஸ்தூர்பாய் லால்பாய் முயற்சியில் சமஸ்கிருத அறிஞர் பி. எல். வைத்யா 1940-களின் தொடக்கத்தில் நடுவராக அமர்ந்து தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புக்குப் பிறகும் பிளவு நீடித்தது. மன்னிப்புக் கேட்கும் நாள் எது என்பதில் மன்னிக்க முடியாத பிணக்கு.

இதைப் பாலமுனையில் ஒருவருக்குச் சொன்னால் அவர் சிரிப்பார், பிறகு தலையாட்டுவார். பிறைப் பிணக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹிஜ்ரி மாதம் 29-ஆம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடுவார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து அறிவிப்பு வரும்: தலைப்பிறை தென்பட்டது, அல்லது மாதம் முப்பதாகப் பூர்த்தி. உள்நாட்டுப் பிறையா, சர்வதேசப் பிறையா என்ற விவாதம் தனி. 2013 ஓகஸ்டில் நோன்பு முடியும் தறுவாயில் கிண்ணியாவில் பிறை கண்டதாகச் செய்தி வந்தது. அன்றைய பிறை வெறும் கண்ணுக்குத் தென்பட வாய்ப்பில்லை என்ற வானியல் கணிப்பை வைத்துக் கொழும்பு அதை ஏற்கவில்லை. கிண்ணியாவிலும் வேறு சில ஊர்களிலும் ஒரு நாளிலும், மற்ற இடங்களில் மறுநாளும் பெருநாள் கொண்டாடினார்கள்.

பஞ்சாங்கச் சண்டையோடு இதை வைத்துப் பார்த்தால் இடம் மாறி நிற்பது தெரியும். கணக்கையே நம்பி வந்த மரபில் சீர்திருத்தக்காரர் கண்ணைக் கொண்டுவந்து கணக்கைக் கேள்வி கேட்டார். கண்ணையே நம்பி வந்த மரபில் உலமாக்கள் கணக்கைக் கொண்டுவந்து கண்ணைக் கேள்வி கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடிவுக்கு நின்றது வானமல்ல, யார் அறிவிப்பதை ஊர் கேட்கும் என்பதுதான். தொழுகை நேரத்தில் இந்தச் சண்டையே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நிழலை அளந்து அசர் நேரம் பார்த்த காலம் போய், அச்சிட்ட அட்டவணையை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அரசாங்கக் கடிகாரம் இந்த எல்லோரையும் ஒருமுறை சேர்த்து அலைக்கழித்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மேயில் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். விடுதலைப் புலிகள் தம் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். பஞ்சாங்கம் பார்ப்பவர் அரை மணி கூட்டிப் படிக்கவேண்டும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2006 ஏப்ரலில், சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு, பழைய நேரம் திரும்பியது.

அந்த அரை மணி முந்திய கடிகாரத்தில்தான் 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் அதிக உயிரை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று ஞாயிறு, போயா, மார்கழி 11, பூரணைத் திதி. இதன் பிறகு இக்கரையில் நினைவுநாள் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்தது. கடற்கரைப் பொது அஞ்சலி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26. சைவ வீடுகளில் திவசம் மார்கழிப் பூரணைக்கு. சில ஆண்டில் அது டிசம்பர் நடுப்பகுதியிலும் சில ஆண்டில் ஜனவரியிலும் விழும். அதோடு தந்தையை இழந்தவருக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவருக்குச் சித்திரா பூரணை. கத்தம் ஓதும் முஸ்லிம் வீடுகளில் ஹிஜ்ரிக் கணக்கில் நாள் பார்த்தால் அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்கிக்கொண்டே வரும்.

ஹிஜ்ரி ஆண்டு 354 நாள்; சூரிய ஆண்டோடு சேர்க்க அதில் அதிகமாதம் கிடையாது. ஆகவே அது எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும், விவசாயத்துக்கு உதவாது. பாலமுனை விவசாயிக்கும் மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். விதைப்புக்கு நாள் பார்த்துச் சொல்லும் வேலை எப்போதோ பஞ்சாங்கத்தை விட்டுப் போய்விட்டது. கல்லோயாத் திட்டம் வந்த பிறகு சேனாநாயக்க சமுத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்து, விவசாய ஆரம்பக் கூட்டத்தில் திகதி முடிவாகிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாட்டை வயலில் இருந்து அகற்றும் நாள் எல்லாம் கூட்டத் தீர்மானம். அதை வயலுக்குக் கொண்டுபோய் நடத்திவைப்பவர் வட்டவிதானை.

ஹிஜ்ரி மாதத்தை அரசாங்கமே பின்பற்றும் இடமும் ஒன்று உண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணை ரமழான் விடுமுறையை வைத்துத் தனியாக வகுக்கப்படுகிறது. நோன்பு பின்வாங்க, தவணையும் அதோடு நகரும். கணக்குப்படி 2030-இல் நோன்பு ஒரே ஆண்டில் இரண்டு முறை தொடங்கும்: ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொன்று. அட்டவணை போடுபவர்கள் அந்த ஆண்டுக்கான கணக்கை முன்கூட்டியே போட்டாக வேண்டும். பிறையை யார் காண்பார்கள் என்பது அந்தந்த மாலைதான் தெரியும்.

(தொடரும்)